கப்பல் அறையில் தமிழ்த் தொடர் பார்க்க முடியுமா? கருவியைப் பெட்டியில் வைக்குமுன் சில விவரங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் உல்லாசக் கப்பல் பயணம் பற்றிய பேச்சு எழுவது இப்போது வழக்கமாகிவிட்டது. விமானத்தில் நெடுநேரம் உட்கார முடியாத அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா, ஓயாமல் ஓடும் பிள்ளைகள் என மூன்று தலைமுறையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள இதைவிட வசதியான பயணம் குறைவு. மரினா பேயில் ஏறினால் மூன்று, நான்கு இரவுகளில் பினாங்கு, கிள்ளான், புக்கெட் என்று எங்காவது போய்த் திரும்பிவிடலாம். ஜோகூரிலிருந்து பாலத்தைக் கடந்து வந்து இங்கே கப்பலேறும் குடும்பங்களும் உண்டு.

பயணச்சீட்டு வாங்கியபின் வீட்டு மூத்தோரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: “கப்பல் டிவியில தமிழ் வருமா?”

வரும் என்று நம்பிப் போகாதீர்கள். அறையில் உள்ள தொலைக்காட்சியில் கப்பல் நிறுவனத்தின் அறிவிப்புகள், உலகச் செய்தி, சில திரைப்படங்கள், உங்கள் செலவுக் கணக்கு ஆகியவை இருக்கும். அதனால்தான் பலர் வீட்டு டிவியில் செருகியிருக்கும் ஃபயர் டிவி ஸ்டிக்கையோ குரோம்காஸ்டையோ கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் செருகியதும் வேலை செய்வது கப்பலிலும் அப்படியே செய்யும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் கப்பலில் அந்தச் சிறு கருவி நான்கு இடங்களில் தடுக்கி விழ வாய்ப்புண்டு. முதல் மாலை முழுவதும் மகன் டிவியின் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருக்க, கட்டிலில் காத்திருக்கும் அம்மா “வீட்டிலேயே இருந்திருக்கலாம்” என்று சொல்லும் நிலை வரக்கூடாது அல்லவா? இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியைக் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வீட்டிலேயே பதிவிறக்கம் செய்த கைப்பேசியோ கைக்கணினியோ ஒன்று, அதை டிவியுடன் இணைக்கும் கம்பி ஒன்று. இவை இரண்டும்தான் கடலில் கைகொடுப்பவை.

முதல் தடங்கல்: டிவியே இடம் கொடுக்காது

கப்பல் அறையின் டிவி பார்ப்பதற்கு வீட்டு டிவி போலவே இருக்கும். ஆனால் ஹோட்டல்களுக்கென்று தனி அமைப்பில் பூட்டப்பட்டிருக்கும். தொலைவியக்கியில் ‘சோர்ஸ்’, ‘இன்புட்’ பொத்தான்களே இல்லாமல் இருக்கலாம். பொத்தான் இருந்தாலும் அழுத்தினால் ஒன்றும் நடக்காமல் போகலாம். சில டிவிகளின் அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எச்டிஎம்ஐ இணைப்புக்கு மாறும். சில கப்பல்களில் அதையும் அடைத்துவிட்டிருப்பார்கள்.

இன்னொரு சிக்கல், டிவி சுவரோடு ஒட்டியிருக்கும். ஸ்டிக்கை நேராகச் செருக இடம் இருக்காது. கருவியோடு வரும் குட்டையான எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியை வீட்டில் ஏதோ ஒரு இழுப்பறையில் போட்டு மறந்திருப்பீர்கள். அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால் சிம் லிம் ஸ்குவேரிலோ முஸ்தஃபாவிலோ புதிதாக வாங்கலாம்.

டிவியின் பின்னால் ஏற்கெனவே செருகியிருக்கும் கம்பிகளை மட்டும் பிடுங்க வேண்டாம். அது கப்பலின் தகவல் அமைப்போடு இணைந்திருப்பது. கப்பல் புறப்படுமுன் எல்லாரும் பார்க்கவேண்டிய பாதுகாப்புக் காணொளியைச் சில கப்பல்களில் அறை டிவியில்தான் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து முடித்தபிறகு உங்கள் வேலையைத் தொடங்குங்கள். டிவி வேறு இணைப்புக்கு மாறவில்லை என்றால் அறைப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். செய்து கொடுப்பவர்களும் உண்டு, முடியாது என்பவர்களும் உண்டு. முடியாது என்றால் விட்டுவிடுவதே நல்லது. திருகாணியைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டால் அது விடுமுறை அல்ல.

இரண்டாவது: மின்சாரம்

ஸ்டிக் இயங்க மின்சாரம் வேண்டும். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்கலாம் என்றாலும் அந்தத் துளை தரும் மின்சாரம் பல நேரங்களில் போதாது. கருவி பாதியில் அணைந்து அணைந்து எரியும். தனி சார்ஜர் கொண்டுபோவது மேல். சிங்கப்பூர், மலேசிய வீடுகளில் உள்ள மூன்று தட்டைக் கால் செருகி கப்பலில் பொருந்தும் என்று உறுதியில்லை. பல கப்பல்களில் அமெரிக்க வகை இரண்டு தட்டைக் கால் துளையும் ஐரோப்பிய வகை உருண்டைக் கால் துளையும்தான் இருக்கும். எல்லா நாட்டுத் துளைகளுக்கும் பொருந்தும் சிறு அடாப்டர் ஒன்று போதும். கைப்பேசி சார்ஜர்கள் 110, 220 வோல்ட் இரண்டையும் ஏற்பவை என்பதால் அதில் கவலை இல்லை. இருந்தாலும் சார்ஜர் மேல் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அறையில் துளை குறைவு என்பதால் வீட்டு எக்ஸ்டென்ஷனை எடுத்துப் போகும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதை வீட்டிலேயே வையுங்கள். கப்பல் நிறுவனங்கள் பல இதற்குத் தடை விதித்துள்ளன. ஏறும்போது பைகளைச் சோதிக்கும் இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள்.

தடைக்குத் தக்க காரணம் இருக்கிறது. நிலத்தில் வீட்டு மின்சாரத்தின் இரண்டு கம்பிகளில் ஒன்றில் மட்டும்தான் மின்னழுத்தம் இருக்கும். மற்றொன்று பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை, இரண்டு கம்பிகளிலுமே மின்னழுத்தம் இருக்கும். மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் பாகம் உள்ள எக்ஸ்டென்ஷன்கள் நிலத்து மின்சாரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கப்பலில் அவை சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013ஆம் ஆண்டிலேயே இதுபற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. நடுக்கடலில் தீ என்பது விளையாட்டல்ல. ஒரே செருகியில் மூன்று, நான்கு யுஎஸ்பி துளைகள் உள்ள சார்ஜர், கம்பி இல்லாதது, பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. உங்கள் நிறுவனத்தின் தடைப் பட்டியலைப் பயணத்துக்கு முந்திய வாரம் ஒருமுறை பாருங்கள். அந்தப் பட்டியல்கள் அடிக்கடி மாறுகின்றன.

மூன்றாவதுதான் பெரியது: வைஃபை

டிவி வழிவிட்டது, மின்சாரமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கருவி இப்போது இணையம் கேட்கும்.

கப்பல் இணையம் முன்பெல்லாம் மின்னஞ்சல் பார்ப்பதற்கே திணறும். பூமிக்கு வெகு உயரத்தில் நிற்கும் துணைக்கோள் வரை சமிக்ஞை போய்த் திரும்ப வேண்டியிருந்ததால் அந்தத் தாமதம். தாழ்வாகச் சுற்றும் ஸ்டார்லிங்க் துணைக்கோள்களை ராயல் கரீபியன் குழுமம் 2022ல் தன் கப்பல்களுக்குக் கொண்டுவரத் தொடங்கியபின் நிலைமை மாறியது. மற்ற நிறுவனங்கள் பலவும் அந்த வழியில் வந்தன. இன்று கப்பலில் காணொளி பார்க்கும் வேகம் கிடைப்பது உண்மைதான். ஆனால் வேகம் கிடைத்தால் போதாது.

கப்பல் இணையத்தைப் பெரும்பாலும் கருவிக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு கருவிக்கு ஒரு கட்டணம். உங்கள் கைப்பேசிக்கு ஒன்று வாங்கினால் டிவி ஸ்டிக் இரண்டாவது கருவி. ஒன்றை வெளியேற்றிவிட்டு மற்றொன்றை உள்ளே விடலாம் என்று சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அப்படியானால் அம்மா தொடர் பார்க்கும் நேரத்தில் உங்கள் வாட்ஸ்அப் ஓய்வெடுக்கும். விலை குறைந்த திட்டங்களில் செய்தி அனுப்ப மட்டும் அனுமதித்து, காணொளியைத் தடுத்துவிடுவதும் உண்டு. வாங்குமுன் ‘ஸ்ட்ரீமிங்’ உண்டா என்று கேளுங்கள்.

அடுத்தது நுழைவுப் பக்கம். கப்பல் வைஃபையில் இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து அறை எண், பிறந்த நாள் போன்றவற்றைக் கேட்கும். கைப்பேசியில் அது எளிது. டிவி கருவியில் அந்தப் பக்கமே திறக்காமல் போகலாம். ஃபயர் டிவி ஸ்டிக்கில் திறக்கும் வசதி உண்டு. திரையும் தொலைவியக்கியும் இல்லாத பழைய குரோம்காஸ்டில் இல்லை, ஆகவே அதைக் கப்பலுக்குக் கொண்டுபோவது வீண் சுமை.

கைப்பேசியில் ஓடுவதை டிவிக்கு அனுப்புவது, அதாவது ‘காஸ்ட்’ செய்வது, இன்னும் கடினம். அதற்கு இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். ஆயிரக்கணக்கான பயணிகள் ஒரே வைஃபையில் இருக்கும்போது பக்கத்து அறைக்காரர் உங்கள் டிவியில் படம் போட்டுவிடக்கூடாது என்பதற்காகக் கருவிகளை ஒன்றுக்கொன்று தெரியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்கு நல்லது, காஸ்ட் செய்வதற்குக் கெட்டது.

இதற்கு வழி சொல்கிறேன் என்று யாராவது பயண ரௌட்டரைப் பரிந்துரைக்கலாம். தொழில்நுட்ப ரீதியில் அது சரிதான்: ரௌட்டர் ஒரே கருவியாகக் கப்பல் வைஃபையில் இணையும், உங்கள் கருவிகள் எல்லாம் ரௌட்டரோடு இணையும். ஆனால் சில நிறுவனங்களின் தடைப் பட்டியலில் இப்போது ரௌட்டரும் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனுக்கு நேர்ந்த கதிதான் அதற்கும். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தாம் இணைந்திருக்கும் வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகப் பகிரும். ஐஃபோன் அதைச் செய்யாது. இதற்கும் நிறுவனத்தின் விதி என்ன என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நான்காவது, யாரும் நினைத்துப் பார்க்காதது: கடலில் நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?

செயலிகள் உங்கள் இணைய முகவரியைப் பார்த்து நீங்கள் இருக்கும் நாட்டை முடிவு செய்கின்றன. கப்பலின் இணையம் சிங்கப்பூர் முகவரியில் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது அமெரிக்காவாகத் தெரியலாம், வேறு நாடாகவும் தெரியலாம். வசந்தம் நிகழ்ச்சிகளை மீவாட்ச்சில் பார்த்துப் பழகியவர்களுக்கு, “இந்தக் காணொளி உங்கள் வட்டாரத்தில் இல்லை” என்ற வரிதான் கிடைக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம். அங்குள்ள பல நிகழ்ச்சிகளின் உரிமை சிங்கப்பூருக்குள் மட்டும்தான். நெட்ஃபிளிக்சிலும் படப் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். நேற்று வீட்டில் பாதி பார்த்த தமிழ்ப் படம் இன்று கப்பலில் காணாமல் போயிருக்கலாம்.

இன்னொன்று, உறுதிப்படுத்தும் குறியீடு. புதிய இடத்திலிருந்து நுழைந்தால் செயலிகள் குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பும். நடுக்கடலில் சிங்கப்பூர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வராமல் போகலாம். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்ற நெட்ஃபிளிக்சின் 2023ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு, ‘இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல’ என்ற தடையும் சேர்ந்துகொண்டது. ஆகவே எல்லாக் கணக்குகளிலும் வீட்டிலேயே நுழைந்து, செயலிகளைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கப்பலில் போய் ‘புதுப்பிக்கவும்’ என்று கேட்டு நின்றால், அந்தப் புதுப்பிப்பே பாதி இரவைத் தின்றுவிடும்.

ஆக, எது நம்பகமானது?

பதிவிறக்கம். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ முதலிய சந்தாச் செயலிகள் பலவற்றில் கைப்பேசியிலும் கைக்கணினியிலும் படங்களையும் தொடர்களையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றை டிவி ஸ்டிக்கில் அப்படி இறக்கி வைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ஸ்டிக்கைவிடக் கைக்கணினியே கப்பலுக்கு ஏற்றது என்கிறேன். சில பதிவிறக்கங்களுக்குக் காலக்கெடு உண்டு. பார்க்கத் தொடங்கியபின் 48 மணி நேரத்தில் மறைந்துவிடுபவையும் உண்டு, எனவே புறப்படுவதற்கு முந்திய இரவு இறக்குவது பாதுகாப்பு. தரத்தை உயர்த்தி வைக்காதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படியே சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, உயர்தரத்தில் 3 ஜிபி வரை. அம்மாவின் பழைய கைப்பேசியில் வாட்ஸ்அப் வணக்கப் படங்களே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அவற்றை அழிக்கும் வேலையையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பிறகு ஓர் ஒத்திகை. வீட்டில் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, இறக்கிய படம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதை கம்பி வழியே வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள். இந்தப் பத்து நிமிட வேலையை யாரும் செய்வதில்லை. செய்தால் தெரிந்துவிடும், உங்கள் கைப்பேசி டிவிக்குப் படம் அனுப்பும் வகையா இல்லையா என்று. டைப்-சி துளை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. விலை உயர்ந்த சாம்சுங் எஸ் வரிசை, ஐஃபோன் 15க்குப் பிந்திய பெரும்பாலான கருவிகள் போன்றவை அனுப்பும். விலை குறைந்த பல கைப்பேசிகளின் அதே துளை, மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டும்தான். பழைய ஐஃபோனுக்கு ஆப்பிளின் தனி அடாப்டர் வேண்டும். கடையில் வாங்கும்போது உங்கள் கைப்பேசியையே செருகிக் காட்டச் சொல்லுங்கள். சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இது புதிய வேண்டுகோள் அல்ல.

டிவி முழுக்கப் பூட்டப்பட்டிருந்தாலும் பாதகமில்லை, கைக்கணினியை ஒரு தாங்கியில் நிறுத்தினால் கட்டிலில் சாய்ந்தபடி பார்க்கலாம். சிறிய கேபினில் இரண்டு பேருக்கு அந்தத் திரை போதும்.

கடைக்குப் போன இடத்தில் “எல்லாத் தமிழ் சேனலும் இதில் இருக்கு, சந்தா வேண்டாம்” என்று ஒரு பெட்டியைக் காட்டினால் வாங்காதீர்கள். பதிப்புரிமை இல்லாத நிகழ்ச்சிகளைக் காட்டவென்றே அமைந்த அத்தகைய பெட்டிகளை விற்பது, 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி சிங்கப்பூரில் குற்றம். விற்கும் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் காவல்துறை சோதனை நடத்திப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, கப்பல் வைஃபையில் அந்தப் பெட்டி எப்படியும் ஓடாது. அதற்கும் இணையம்தான் வேண்டும், அதுவும் நிறைய.

கட்டண அதிர்ச்சியைத் தவிர்க்க

டிவியைவிடப் பெரிய செலவு, கவனிக்காமல் விட்ட கைப்பேசியால் வரும். கரையை விட்டு விலகியதும் கப்பல் தன் சொந்தக் கைப்பேசிக் கட்டமைப்பை இயக்கும். அது துணைக்கோள் வழிச் சேவை; சாதாரண ரோமிங் திட்டத்தில் அடங்காது. உங்கள் கைப்பேசி தானாகவே அதில் ஒட்டிக்கொண்டு பின்னணியில் படங்களை ஏற்றினால், வீடு திரும்பியபின் வரும் கட்டணம் பயணச்சீட்டோடு போட்டிபோடும். கப்பல் ஏறியதும் ஏரோபிளேன் மோட், பிறகு வைஃபையை மட்டும் இயக்குங்கள். மூத்தோரின் கைப்பேசியிலும் நீங்களே செய்து கொடுங்கள். அவர்களிடம் சொன்னால் மட்டும் போதாது. தெரியாமல் விரல் பட்டு மீண்டும் மாறிவிடும் என்பதால் ‘டேட்டா ரோமிங்’கையும் அணைத்துவிடுங்கள்.

மலாக்கா நீரிணையில் கரைக்கு அருகே போகும் நேரங்களில் மலேசிய, இந்தோனீசியச் சமிக்ஞைகள் எட்டும். ஜோகூர் வாசகர்களுக்கு இது ஒரு வசதி: கிள்ளானிலும் பினாங்கிலும் உங்கள் உள்ளூர் சிம் வழக்கம்போல வேலை செய்யும். அடுத்த இரண்டு நாளுக்கான பாகங்களை அங்கே இறக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூர்க்காரர்கள் மலேசியாவுக்கான ரோமிங் திட்டம் வைத்திருந்தால் அதையே செய்யலாம். ஆனால் பினாங்கில் கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையில். அங்கிருந்து லிட்டில் இந்தியாவும் குவீன் வீதி மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம். அம்மாவை டிவி முன் உட்கார வைக்க அது ஏற்ற நாள் அல்ல.

இந்தத் தடம் நம் மூத்தோர் பலருக்குப் புதிதும் அல்ல. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் வந்து தோட்டங்களிலும் நகரங்களிலும் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். மேல்தளத்தில் பாயை விரித்து நாள்கணக்கில் வந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று கேபினில் எச்டிஎம்ஐ துளையைத் தேடுகிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் டிவி ஓடாத ஒரு மாலையில் அந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளவும் மறவாதீர்கள், அதற்கு வைஃபை வேண்டியதில்லை.

செய்தியும் பாட்டும் கேட்டால் போதும் என்பவர்களுக்கு இணையக் கட்டணம் அவ்வளவு உறுத்தாது. இணைய வானொலி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 60 எம்பிதான் எடுக்கும். காணொளித் தடை உள்ள மலிவுத் திட்டத்திலும் சில நேரம் ஓடிவிடும். குடும்பக் காணொளிகளை, பேத்தியின் அரங்கேற்றம், மகனின் திருமணம் போன்றவற்றை, கைக்கணினியில் ஏற்றிச் செல்வது இன்னொரு யோசனை. உரிமை, நாடு, ஓடிபி எதுவும் கேட்காத நிகழ்ச்சி அது ஒன்றுதான்.

இறங்கும் நாளுக்கு முந்திய இரவே பெரிய பைகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அப்போது கருவி டிவியின் பின்னால் இருந்துவிடும், மறுநாள் காலை அவசரத்தில் யாரும் அங்கே குனிந்து பார்ப்பதில்லை. அறை டிவியிலேயே உங்கள் நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் நுழைந்திருந்தால் வெளியேறிவிட்டு அணையுங்கள். ஸ்டிக், அதன் சார்ஜர், நீட்டிப்புக் கம்பி, அடாப்டர் நான்கையும் எண்ணிக் கைப்பையில் போட்டபிறகு விளக்கை அணைக்கலாம்.